பட்டினிக்கு நோன்பென்று பெயர் சூட்டலாமா?

 

ரமளான் நிறைவுற்று ஷவ்வால் பிறந்ததும், மார்க்கக் கல்வி கற்பிப்போரை நோக்கி ஆண்டுதோறும் சில கேள்விகள் வருகின்றன. ஏழு நாள்களுக்குப் பழச்சாறு மட்டும் அருந்தி உடல் எடையைக் குறைக்கலாமா? அதற்கு நோன்பின் நன்மை கிட்டுமா? ஷவ்வாலின் ஆறு நோன்புகளையும் இதையும் ஒரே நிய்யத்தில் சேர்த்துக்கொள்ளலாமா? "லிக்விட் ஃபாஸ்டிங்" என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் அட்டவணைகளே இக்கேள்விகளுக்குக் காரணம். முதல் நாள் இளநீர், இரண்டாம் நாள் எலுமிச்சைச் சாறு, மூன்றாம் நாள் வெந்நீரும் தேனும் என்று அவை நீள்கின்றன. ஏழாம் நாள் ஐந்து கிலோ குறையும் என்ற வாக்குறுதியும், அதன் கீழே நோன்பின் சிறப்பைக் கூறும் ஒரு நபிமொழியும் இருக்கும்.

கேட்பவர்களை நாம் குறை கூறுவதற்கில்லை. உடற்பருமன் மெய்யாகவே ஒரு நோய். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. நெய்ச்சோறும் பிரியாணியும் வட்டிலப்பமும் இல்லாத விருந்து நம் வீடுகளில் இல்லை. அதற்கேற்ற உடலுழைப்பு முன்போல் இல்லை. எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் எண்ணுவது நல்ல எண்ணமே.

ஆயினும் நம் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். திரவ உணவால் எடை குறைப்பது ஒரு மருத்துவச் சிகிச்சை. மருத்துவரின் கண்காணிப்பில், முழு ஊட்டம் கொண்ட திரவத்தை, வரையறுத்த காலத்திற்கு உட்கொண்டால் அதனால் பயன் உண்டு. வீட்டில் நாமாகவே மேற்கொள்ளும் சாற்றுப் பட்டினியில் பயன் சிறிது, ஆபத்து பெரிது. அப்பட்டினிக்கு நோன்பு என்று பெயர் சூட்டுவது உடலுக்கும் தீங்கு, இபாதத்துக்கும் இழுக்கு.

ஒரே பெயரில் மூன்று காரியங்கள்

திரவ நோன்பு என்ற சொல்லால் இன்று மூன்று வேறு காரியங்கள் குறிக்கப்படுகின்றன. முதலாவது, தண்ணீர் மட்டும் அருந்திப் பல நாள்கள் இருப்பது. இரண்டாவது, பழச்சாறு, இளநீர், காய்கறிச் சாறு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது. மூன்றாவது, புரதம், உயிர்ச்சத்துகள், தாது உப்புகள் யாவும் அளவாகச் சேர்க்கப்பட்ட மருத்துவ ஊட்டப் பானங்களை உணவுக்குப் பதிலாக உட்கொள்வது. மூன்றாவதைப் பற்றிய ஆய்வின் வெற்றியைக் காட்டி முதலிரண்டையும் விற்பதே இணையத்தில் நடக்கிறது. மருந்துக் கடையிலுள்ள மருந்தின் பெயரைச் சொல்லிச் சந்தையில் வேறு பொடியை விற்பது போன்றது இது.

எடைக் கருவி கூறுவது என்ன?

ஒரு வாரம் சாறு மட்டும் அருந்தினால் எடை குறைகிறதா என்றால், குறைகிறது. ஆனால் குறைந்தது எது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நம் கல்லீரலிலும் தசைகளிலும் ஏறக்குறைய அரைக் கிலோ அளவுக்கு மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் பிணைந்திருக்கும். பட்டினியின் முதல் ஓரிரு நாள்களில் உடல் இச்சேமிப்பைச் செலவிடும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. குடலில் உணவும் இல்லை. எனவே எடைக் கருவி விரைந்து இறங்குகிறது.

கொழுப்பின் கணக்கோ வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். நாளொன்றுக்கு 1,500 கலோரி பற்றாக்குறை ஏற்படுமாறு ஒருவர் பட்டினி கிடந்தாலும், ஏழு நாளில் 10,500 கலோரிதான் கூடும். அதாவது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான கொழுப்பு. கருவி ஐந்து கிலோ குறைந்ததாகக் காட்டினால் எஞ்சியவை நீரும் கிளைக்கோஜனும் தசையும்தாம். வழக்கமான உணவுக்குத் திரும்பிய இரண்டு மூன்று நாள்களில் நீர் திரும்பிவிடும். இழந்த தசை அவ்வளவு எளிதில் திரும்பாது.

தசை ஏன் கரைகிறது? 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள்தோறும் ஏறக்குறைய 50 கிராம் புரதம் தேவை. இளநீரிலும் பழச்சாற்றிலும் புரதம் மிகச் சொற்பம். ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு, புரதமோ ஒன்றிரண்டு கிராம்தான். உணவிலிருந்து புரதம் வராதபோது உடல் தன் தசையையே உடைத்து எடுத்துக்கொள்கிறது. நம் முன்னோர் நோன்பு திறக்கக் காய்ச்சிய கஞ்சியும் திரவம்தான். அதில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் இயன்றால் இறைச்சியும் சேர்ந்தன. பசித்த உடலுக்கு என்ன தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வெற்றி பெற்ற சிகிச்சையின் உள்ளே

திரவ உணவுக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகளுள் முதன்மையானது பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு. அதன் முடிவுகள் 2017 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஆறாண்டுகளுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு, இன்சுலின் போடாதவர்களாக இருந்த ஏறக்குறைய 300 பேர் அதில் பங்கேற்றனர். பாதிப் பேர், மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் ஊட்டப் பானத்தை மட்டும் உட்கொண்டனர். ஓராண்டின் முடிவில் அவர்கள் சராசரியாக 10 கிலோ குறைந்திருந்தனர். 46 விழுக்காட்டினருக்கு, மருந்தின்றியே நீரிழிவு தணிந்த நிலை வாய்த்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 4 விழுக்காடே. இரண்டாம் ஆண்டின் முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. அப்போதும் அது பெரிய பயன்தான். அல்ஹம்துலில்லாஹ், இத்தகைய அறிவை மனிதனுக்குத் தந்தவன் அல்லாஹ்வே.

ஆனால் அச்சிகிச்சை எப்படி நடந்தது என்பதை வாட்ஸ்அப் செய்தி கூறுவதில்லை. நீரிழிவு மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் முதல் நாளிலேயே மருத்துவக் குழுவால் நிறுத்தப்பட்டன, தேவையானபோது மீண்டும் கொடுக்கப்பட்டன. பானத்தில் எல்லா ஊட்டங்களும் இருந்தன. பானம் முடிந்ததும் இரண்டு முதல் எட்டு வாரங்கள் வரை, உணவு சிறிது சிறிதாகத் திரும்பக் கற்பிக்கப்பட்டது. அதன்பின் மாதந்தோறும் சந்திப்புகள் தொடர்ந்தன. சிகிச்சையின் பாதி, பானம் நின்ற பிறகே நடந்தது.

அந்தப் பிற்பாதி சரிவர அமையாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஓப்ரா வின்ஃப்ரி, 1988-இல் நான்கு மாதங்கள் திட உணவைத் துறந்து திரவ உணவில் இருந்து, 67 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 30 கிலோ குறைந்தார். குறைந்த எடைக்கு ஈடான விலங்குக் கொழுப்பை ஒரு சிறு வண்டியில் ஏற்றி, அதை மேடையில் இழுத்துவந்து காட்டினார். கோடிக்கணக்கானோர் வியந்தனர். உண்ணத் தொடங்கியதுமே எடை திரும்ப ஏறலாயிற்று என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். செல்வமும் உதவியாளர்களும் இருந்த ஒருவருக்கே நிலை இதுவானால், பெருநாள் விருந்துகளுக்கு நடுவே தனியாகப் போராடும் நம் வீட்டுப் பெண்ணின் நிலை என்ன?

உயிரைப் பறித்த திரவங்கள்

எடை திரும்புவது ஏமாற்றம் மட்டுமே. அதனினும் பெரிய கவலை உயிரைப் பற்றியது. 1970-களில் அமெரிக்காவில் திரவப் புரத உணவு ஒன்று பெரும் புகழ் பெற்றது. 1976-இல் வெளிவந்த ஒரு நூல் அதை நாடெங்கும் பரப்பியது. மாட்டுத் தோல், தசைநார் முதலிய அறவைக்கூட எச்சங்களிலிருந்து எடுத்த கொலாஜனைக் கரைத்து, சுவையூட்டி விற்றனர். மாதக்கணக்கில் அதை மட்டுமே அருந்தியவர்களில் ஏறக்குறைய 60 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசுக்குத் தகவல்கள் வந்தன. முன்பு இருதய நோய் இல்லாதவர்களும் அவர்களில் இருந்தனர். ஆராயப்பட்ட இறப்புகளில் இருதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்தமை வெளிப்பட்டது. இருதயமும் ஒரு தசையே. அதன் துடிப்பு இரத்தத்திலுள்ள பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளைச் சார்ந்தது. உடல் தன்னையே தின்னும்போது இருதயத்துக்கு மட்டும் விலக்கு இல்லை.

பட்டினியைப் போலவே பட்டினியை முறிப்பதிலும் ஆபத்து உண்டு. பல நாள் உண்ணாதிருந்தவர் திடீரென வயிறு நிறைய உண்டால் இன்சுலின் பெருகி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் விரைந்து செல்கின்றன. இரத்தத்தில் அவை குறைய, மூச்சும் இருதயமும் தடுமாறுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறை முகாம்களிலிருந்து மீண்ட பட்டினியாளர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்டனர். நீண்ட நாள் தண்ணீரில் இருந்துவிட்டு நேராக வலீமா விருந்தில் அமர்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். விரைந்து எடை குறைவோருக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாவதும் மருத்துவர்கள் நன்கறிந்ததே.

இயற்கைச் சாறு ஆயிற்றே, அதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அதுவே இருதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகலாம். கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என நம்பி, பிலிம்பிக் காயின் சாற்றைச் செறிவாக அருந்திய பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தனர். அக்காயிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். பசலைக் கீரையிலும் ஆக்சலேட் மிகுதி. சமைத்துச் சோற்றோடு பிசைந்து உண்ணும் அளவுக்கும், ஒரு கட்டுக் கீரையை அரைத்து நாள்தோறும் குடிக்கும் அளவுக்கும் வேறுபாடு பெரிது.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவற்றை வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு உணவை நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சற்றே கூடியதாகத் தோன்றும்போதே இரத்தம் அமிலத்தன்மை அடையும் கொடிய நிலை ஏற்படலாம்.

2025-ஆம் ஆண்டில் கேரளத்திலும் தமிழகத்திலும் இளம் வயதினர் இருவர், இணையக் காணொளிகளைப் பார்த்துத் திட உணவை ஒதுக்கியிருந்த நிலையில் மரணமடைந்ததாகச் செய்தித்தாள்களில் படித்தோம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போவதை ஒரு நாள் கவனிக்காமல் விடலாம். வாரக்கணக்கில் கவனிக்காமல் விடும் வீடாக நம் வீடுகள் ஆகிவிடக் கூடாது.

நோன்பு என்பது வேறு

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். நோன்பு என்பது, ஃபஜ்ர் முதல் மஃரிப் வரை உணவையும் பானத்தையும் இல்லற உறவையும் அல்லாஹ்வுக்காகத் துறப்பது. பகலில் சாறு அருந்துபவர் நோன்பாளி அல்லர். இதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே சாற்றுப் பட்டினிக்கு நோன்பின் நன்மையை எதிர்பார்ப்பதற்கு இடமே இல்லை.

ஷவ்வாலின் ஆறு நோன்புகளையோ திங்கள், வியாழன் நோன்புகளையோ முறைப்படி அல்லாஹ்வுக்காக நோற்கும்போது, உடலும் சற்று இலேசாகட்டும் என்று ஒருவர் விரும்பினால் அதில் தவறு காண வேண்டியதில்லை. செயலுக்கு மதிப்பைத் தருவது எண்ணமே என்று நபிமொழி கற்பிக்கிறது. அல்லாஹ்வின் பொருத்தம் முதலிடத்தில் இருக்கட்டும். எடை மட்டுமே எண்ணமாகி, அல்லாஹ்வின் நினைவு பெயரளவுக்கு நிற்குமாயின், அது இபாதத் ஆகாது, உணவுக் கட்டுப்பாடாகவே முடியும்.

இரவும் உண்ணாமல் நோன்பை அடுத்த நாளோடு இணைக்கும் விஸாலை, நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு. தண்ணீர் அருந்திப் பல நாள் பட்டினி கிடப்பது சட்டப்படி விஸால் ஆகாது என்பது உண்மை. ஆயினும் சமுதாயத்தின் மீதுள்ள இரக்கத்தாலேயே அத்தடை வந்தது என்று ஹதீஸே தெரிவிக்கிறது. வணக்கத்திற்காகவே கூட உடலை அவ்வாறு வருத்த அனுமதியில்லையெனில், அழகுக்காக வருத்த அனுமதி எங்கிருந்து வரும்?

சல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டிற்குச் சென்று, அவர் இடைவிடாத நோன்பிலும் வணக்கத்திலும் மூழ்கியிருப்பதைக் கண்டபோது, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு என்று நினைவூட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரி கண்டார்கள். உடல் நமக்குச் சொந்தமானது அன்று. அது அமானிதம். கடமையான ரமளான் நோன்பிலேயே நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் சலுகை தந்தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சலுகை உண்டு. நாமாகக் கட்டிக்கொண்ட பட்டினியில் எவருக்கும் சலுகை இல்லாமல் ஆக்குவது எவ்வகை நியாயம்?

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். நோன்பை ஆராய்ந்தவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்ற செய்தி நம் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. 2016-இல் மருத்துவ நோபல் பெற்ற ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி, உயிரணுக்கள் தம் பழுதுற்ற பாகங்களைத் தாமே சிதைத்து மீளப் பயன்படுத்தும் வழிமுறையைக் கண்டறிந்தார். அவருடைய அடிப்படை ஆய்வுகள் ஈஸ்ட் எனும் நுண்ணுயிரில் நடந்தவை. ரமளான் நோன்பையோ சாற்றுப் பட்டினியையோ அவர் ஆராயவில்லை. நம் நோன்பு மெய்யானது என்று நிறுவ இல்லாத சான்று தேவையில்லை. உறுதி செய்யாமல் செய்தியைப் பரப்புவதைத் தடுத்த மார்க்கம் இது. ரமளான் நோன்பால் குறையும் எடை சராசரியாக ஒரு கிலோ அளவே என்றும், அதில் பெரும்பகுதி சில வாரங்களில் திரும்பிவிடுகிறது என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. இதனால் நோன்பின் சிறப்பு குறைந்துவிடவில்லை. நோன்பின் நோக்கம் தக்வா என்று குர்ஆன் கூறியிருக்க, எடைக் கருவியில் அதன் பயனை நாம் ஏன் தேட வேண்டும்?

குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள்

பெண் பார்க்க வருவோரின் முதல் பார்வை இன்று பெண்ணின் உடல் எடை மீது விழுகிறது. பெண்ணின் மார்க்கப் பற்றைக் கேட்க வேண்டியவர்கள், "கொஞ்சம் குறைத்தால் நன்றாயிருக்கும்" என்று கூறிச் செல்கின்றனர். அச்சொல்லுக்குப் பின் அறைக்குள் நடக்கும் பட்டினியை அவர்கள் அறியார். மாப்பிள்ளை வீட்டாராகச் செல்லும் நம் உம்மாக்களும் மாமிகளும் இதில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்ற ஆறாம் மாதத்தில் மனைவியின் உருவத்தைப் பரிகசிக்கும் கணவரும் அவ்வாறே. பாலூட்டும் தாய் பட்டினி கிடந்தால் இழப்பு இரு உயிர்களுக்கும் உரியது.

எடை குறைக்க வேண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தச் சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். 800 கலோரிக்குக் குறைவான உணவுமுறைகளை எல்லாருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கலாகாது என்றும், தேவைப்படுவோருக்கும் முழு ஊட்டத்தோடு 12 வாரங்களுக்கு மேற்படாமல் கண்காணிப்பில் தர வேண்டும் என்றும் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள், முதியோர், இருதய, சிறுநீரக நோயாளிகள், நீரிழிவு மருந்து எடுப்போர் ஆகியோர் தாமாக இதில் இறங்கவே கூடாது. கடைகளில் விற்கும் புரத, கொலாஜன் பொடிகளை வாங்குவோர் அது எவ்விலங்கிலிருந்து வந்தது, ஹலாலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குத் திர்மிதியில் இடம்பெற்ற நபிமொழி ஒன்று போதிய வழியைக் காட்டுகிறது. முதுகை நிமிர்த்தும் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்றும், இயலாவிடில் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடட்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பும் மீனும் முட்டையும் காய்கறியும் கூட்டுங்கள். சர்க்கரையிட்ட சர்பத்தையும் எண்ணெயில் பொரித்த சமோசாவையும் இஃப்தாரின் அடையாளமாக்காதீர்கள். ஸஹர் உணவை விடாதீர்கள், அதில் பரக்கத் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு வாகனத்தை விட்டு நடந்து செல்லுங்கள். மாதத்திற்கு ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் போதும். மெல்லக் குறைவதைக் காத்துக்கொள்வது எளிது. சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று கற்ற நமக்கு இந்த வழி புதிதன்று.

பசியை இபாதத்தாக ஏற்பவன் அல்லாஹ். அந்தப் பசிக்கு மஃரிபை எல்லையாக வகுத்தவனும் அவனே. அவன் தந்த உடலை அவன் வகுத்த எல்லைக்குள் பேணி, உடல் நலத்தோடு அவனை வணங்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும், நம் பிள்ளைகளுக்கும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! ஆமீன்.